தங்கப் பாதம்

சுற்றுலா வருகிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். ஃபிலடெல்ஃபியாவில் பதினாறு வருடமாக அவர்களை மேய்த்துத்தான் வயிறு வளர்க்கிறேன் என்பது வேறு விஷயம்.

அன்று காலையும் ஒரு கும்பல் எங்கள் ஊர் ஃபுட்பால் அணியின் பழைய கேப்டன் சிலை முன்னால் வரிசையில் நின்றது. வெண்கலச் சிலைதான். ஆனால் அதிர்ஷ்டம் வேண்டி ஆளாளுக்குத் தேய்த்ததில் வலது கால் மட்டும் பளபளக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தங்கப் பாதம். ஒருவன் குனிந்து முத்தமே கொடுத்தான்.

“எந்த ஊரு தம்பி?”

“நெப்ராஸ்கா. இங்க குடிவந்து மூணு நாளாச்சு. இன்னிக்கு மத்தியானம் புது வேலையில சேரணும்.”

“அப்ப ரெண்டு கையாலயும் நல்லாத் தேய். சாயங்காலம் வரைக்கும் கையக் கழுவிடாத, அதிர்ஷ்டம் போயிடும்.”

பயபக்தியோடு தலையாட்டினான், மடையன்.

மதியம் வழக்கமான கடையில் ஒரு ஹோகி வாங்கினேன். வெளியூர்க்காரன்தான் அதை சாண்ட்விச் என்பான். இருந்த பசியில் பாதியைத் தின்றிருப்பேன். அடுக்களையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நெப்ராஸ்காக்காரன்.

“எப்படி இருக்குண்ணே? என் கையால செஞ்ச முதல் ஹோகி.”

வாயில் இருந்ததை மெல்லாமல் அவன் கைகளைப் பார்த்தேன்.

“நீங்க சொன்ன மாதிரியே இன்னும் கழுவலண்ணே” என்று சிரித்தான்.

அந்தக் காலுக்கு உள்ளூரில் வேறு பெயர்: மூத்திரக்கால். மேட்ச் நடக்கும் நாளெல்லாம் பாரிலிருந்து வருகிறவர்கள் அங்கேதான் ஒதுங்குவார்கள்.

நேற்று முதலில் ஒதுங்கியவன் நான்.