மூன்றாவது நிலம்

“அதிகாரி அம்மா வந்ததும் யாரும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுப் பேசாதீங்க. நான் பேசுவேன். நீங்க தலையை ஆட்டினா போதும்,” என்றார் தலைவர்.

“தலையாட்டறதுக்கு நான் எதுக்கு? ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாமே,” என்றார் பல் டாக்டர்.

“டாக்டர் சொன்னதை மினிட்ஸ்ல ஏத்திக்கம்மா,” என்றார் வக்கீல், செயலாளரிடம்.

செயலாளர் எதையும் ஏற்றவில்லை. அவள் தலைவரின் தங்கை. அந்த மூன்று அறங்காவலர்களும் வழிநடத்தும் சுற்றுச்சூழல் அறக்கட்டளையில், தப்பித்தவறி ஏதாவது வேலை நடந்தால் அதைச் செய்தவள் அவளாகத்தான் இருப்பாள். இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஏரி. அதைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறது. இவர்களுக்குக் கிடைக்காவிட்டால் ஒரு ஓட்டல் முதலாளிக்குப் போகும். அவர் படகுச் சவாரியும் ஒலிபெருக்கியுமாகத் தயாராக இருந்தார். நாணலில் முட்டையிட்டிருந்த பறவைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி, வணக்கத்தைக்கூடச் சிக்கனமாகத்தான் சொன்னார்.

“ஏரியைக் கேக்கறீங்க. அதுக்கு முன்னாடி, கையில இருக்கற நிலத்தை என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க.”

முதல் நிலம் தலைவரின் வழிகாட்டலில் உருவானது. களை என்று சொல்லி அங்கே முளைத்திருந்த அத்தனையையும் பிடுங்கிவிட்டு, நடைபாதை போட்டு, நடுவில் ஒரு நீரூற்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிமெண்டில் ஒரு மான்.

“இங்க பிராணி ஏதாவது வருதா?”

“மான் இருக்கே மேடம்.”

“சிமெண்டைத் தவிர்த்து.”

தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது நிலம் கூட்டு முயற்சி. மரக்கன்றுகள் பல்வரிசை போல ஒரே இடைவெளியில் நின்றன. எல்லாம் காய்ந்து குச்சியாகியிருந்தன.

“என்ன ஆச்சு?”

“வரிசை கோணலா இருந்தது மேடம். பிடுங்கி நேரா நட்டோம்,” என்றார் டாக்டர்.

“கிழக்கே பார்த்து இருந்தா எடுப்பா இருக்கும்னு நான்தான் மறுபடி மாத்தச் சொன்னேன்,” என்றார் வக்கீல்.

“அப்புறம்?”

“முதல்ல இருந்ததே தேவலைன்னு பட்டது,” என்றார் தலைவர்.

அரசு ஊழியருக்குக்கூட இத்தனை இடமாற்றம் வந்திருக்காது. அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். செயலாளர் ஓடிப்போய் அவரை மறித்தாள்.

“மேடம், இன்னொரு நிலம் இருக்கு. அதையும் பார்த்துட்டு முடிவு சொல்லுங்க.”

மூவரும் அவளை முறைத்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

மூன்றாவது நிலத்தின் இரும்புக் கதவைக் கொடி விழுங்கியிருந்தது. அதிகாரி தோளால் முட்டித் திறந்துகொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை.

“வாங்களேன்.”

“எனக்கு முட்டி வலி,” என்றார் தலைவர்.

“செருப்பு புதுசு,” என்றார் டாக்டர்.

“இதுக்குள்ள நாங்க போறதில்லை மேடம். அதுல ரொம்பக் கண்டிப்பா இருக்கோம்,” என்றார் வக்கீல்.

“நீங்களாவது?”

“நானும் இங்கேயே நிக்கறேன் மேடம்,” என்றாள் செயலாளர்.

அதிகாரி தனியாகப் போனார். உள்ளேயிருந்து சிறகுகள் படபடக்கும் சத்தம் வந்தது. ஏதோ தண்ணீரில் குதித்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. தலைவர் தன் முட்டியையே மறந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

அதிகாரி வெளியே வந்தபோது தலையில் சிலந்தி வலை, புடவையெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

“உள்ள தானாவே ஒரு குட்டை உண்டாகியிருக்கு. கீரி குட்டிகளோட போகுது. புத்தகத்துல மட்டுமே பார்த்த ஒரு தவளை எதிர்ல உட்கார்ந்து என்னையே முறைக்குது. இது யாரோட வழிகாட்டல்?”

“என்னோடது,” என்றன மூன்று குரல்கள்.

“இந்த நிலத்தை நினைச்சு நான் தூக்கம் கெட்டது எத்தனை ராத்திரி தெரியுமா?” என்றார் தலைவர்.

“நான் கிளினிக்கையே மூடிட்டு அலைஞ்சிருக்கேன்,” என்றார் டாக்டர்.

“அதிகமா உழைச்சது யாருன்னு ஊருக்கே தெரியும்,” என்றார் வக்கீல்.

“மூணு பேரும் சொல்றது நிஜம்தான் மேடம்,” என்றாள் செயலாளர். அதில் பொய் இல்லை.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார்.

“சரி, ஏரி உங்களுக்குத்தான். ஆனா இங்க எப்படி நடந்துக்கிட்டீங்களோ, அங்கயும் அப்படியே நடந்துக்கணும். இம்மிகூட மாறக் கூடாது. அந்த சிமெண்டு மான் ஏரிக்கரையில தலைகாட்டுச்சுன்னா, அன்னிக்கே திரும்ப வாங்கிடுவேன்.”

“அதுக்கு நான் பொறுப்பு மேடம்,” என்றாள் செயலாளர்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“ஏரிக்கு எங்க அப்பா பேரை வச்சிடலாம்.”

“அதெப்படி? எங்க தாத்தா நீச்சல் கத்துக்கிட்டதே அதுலதான்,” என்றார் டாக்டர்.

“எங்க பெரியப்பா அதுல ரெண்டு தரம் மூழ்கப் பார்த்தவர். அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?” என்றார் வக்கீல்.

குரல்கள் ஏறின. தலைவர் விரலை நீட்டினார். டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். செயலாளர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“விட்டுக்கொடுக்காதீங்க அண்ணா. டாக்டர், நீங்களும்தான்,” என்று இருவரையும் உசுப்பிவிட்டு, வக்கீலைத் தனியே அழைத்துப் போனாள்.

“இந்த நிலத்துக்கு யார் பேரை வைக்கறதுன்னு நீங்க மூணு பேரும் வழக்குப் போட்டு, அது முடியற வரைக்கும் அறக்கட்டளை ஆளுங்க ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல தடை வந்துச்சே சார், ஏரிக்கும் அதே மாதிரி ஒண்ணு நாளைக்கே வாங்கிடுங்க.”