சிலந்தி குடியேறிய குருத்தோலை

"தொடாதே சோஃபியா!"

நான் போட்ட சத்தத்தில் சோஃபியா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மதில்மேல் இருந்த காக்காகூடப் பறந்துவிட்டது.

சோஃபியா என் நாத்தனார். வில்லியத்தின் ஒரே தங்கை. அவள் கேட்டு வந்தது பெரிய சொத்தொன்றும் இல்லை, போன வருஷத்துக் குருத்தோலை.

சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவதற்காக எங்கள் கோயிலில் பழைய ஓலைகளைச் சேர்த்துக் கொளுத்துவார்கள். மந்திரித்த ஓலை என்பதால் யாரும் குப்பையில் போடமாட்டார்கள். எங்கள் தெருவிலுள்ள கோயில் குடும்பங்களின் குழுவான அன்பியத்துக்கு சோஃபியாதான் தலைவி. வீடு வீடாக ஏறி இறங்கி, கட்டைப்பை நிறைய, சிலுவையாக முடைந்த காய்ந்த ஓலைகளோடு வந்து நின்றாள்.

வாசல் நிலையில் செருகியிருந்ததை எடுத்தாயிற்று. மாதா படத்துக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது கொல்லைப்பக்கத்தில், சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த ஒன்றுதான்.

அதில்தான் சிலந்தி குடியிருந்தது.

மழை விட்ட கையோடு வந்தவள். உடம்பெல்லாம் மஞ்சள் பட்டை. எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்குவாள். வலைக்கு ஒரு பக்கம் கறிவேப்பிலை மரம், மறுபக்கம் இந்த ஓலை.

வில்லியம் இருந்தவரை எங்கள் வீட்டில் ஒரு சிலந்தியும் பிழைத்ததில்லை. சனிக்கிழமையானால் ஒட்டடைக் குச்சியைத் தூக்கிக்கொண்டு போருக்குக் கிளம்பிவிடுவார். ஜூலையில் அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்தக் குச்சியை யாரும் தொடவில்லை.

காலையில் டீத் தம்ளரோடு கொல்லைக்கு வந்துவிடுவேன். "இன்னாம்மா, ராத்திரி ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்பேன். பதில் வராது. வில்லியமும் பேப்பர் படிக்கும்போது பதில் சொன்னதில்லை, அதனால் எனக்கு அது பழகிப்போன விஷயம். சிரிக்காதீர்கள். விடிந்ததும் போய்ப் பார்க்க வீட்டில் ஓர் உயிர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

போன வாரம் அவள் ஓலையின் பின்புறத்தில் ஒரு பை கட்டினாள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஓலையோடு சேர்த்துத் தைத்தாற்போல ஒட்டியிருந்தது, பிய்த்தால் கிழிந்துவிடும். உள்ளே அத்தனையும் முட்டை. கட்டி முடித்ததிலிருந்து வயிறு ஒட்டிப்போய், இடத்தை விட்டு நகராமல் கிடக்கிறாள்.

ஓலை போனால் பிள்ளைகள் மொத்தமும் சாம்பல்.

"இன்னா அண்ணி இது? மந்திரிச்ச ஓலைல பூச்சி குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது, நீங்க வேடிக்கை பாத்துக்கினு இருக்கீங்க! நாளைக்குக் காலைல கொளுத்துறாங்க. என் அண்ணன் வூட்டு ஓலையே வரலைன்னா நாலு பேரு என்னைக் கேக்க மாட்டாங்களா?"

மறுபடியும் கை நீண்டது.

சோஃபியா பிடித்தால் உடும்புப் பிடி. சிலந்திக்காக விட்டுவிடு என்று சொன்னால், புருஷன் போன துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாலைக்குள் பட்டினப்பாக்கம் வரை சேதி போய்விடும். ஃபாதரே ஜெபிக்க வந்துவிடுவார். பூச்சிக்கு இரங்குகிறவர்கள் உண்டா என்ன? செத்துப்போன மனுஷனுக்கென்றால் எல்லாரும் இரங்குவார்கள்.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அது உங்கண்ணன் கையால முடைஞ்ச சிலுவை, சோஃபியா. அதையாவது எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்."

அவள் கை அப்படியே நின்றது.

பையைக் கீழே வைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓலைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஆள் நெருங்கியதும் சிலந்தி வலையைப் பிடித்து உலுக்கியது. கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறி நிற்கிற சோஃபியா, அன்றைக்குப் பின்வாங்கவில்லை. சிலுவையின் நடுவில் இருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தேன்.

"ஆமா அண்ணி," என்றாள் கடைசியில். "அண்ணன் முடைஞ்சதுதான். வெச்சுக்கோங்க."

கட்டைப்பையை எடுத்துக்கொண்டாள். வலையில் பட்டுவிடாமல் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கறிவேப்பிலைக் கிளைக்குக் கீழே குனிந்து போனாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கூடவே, என்ன சொல்லித் தொலைத்தேன் என்பதும் உறைத்தது.

வில்லியத்துக்கு ஓலை முடைய வராது. முதல் மடிப்பிலேயே கிழித்துவிடுவார். குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும், கோயில் வாசலில் அவர் கையிலிருந்து ஓலையைப் பிடுங்கி, "நீ சரிப்பட்டு வர மாட்டண்ணா, இங்க குடு" என்று திட்டிக்கொண்டே முடைந்து கொடுப்பது வருஷா வருஷம் ஒரே ஆள்தான்.

அந்தச் சிலுவையை முடைந்தவளும் சோஃபியாதான்.