புழு இல்லாத காய் விலைபோகாது

உள்ளே உயிருள்ள புழு நெளிந்தால்தான் கடையின் சோதனை இயந்திரம் கத்தரிக்காய்க்குப் பச்சை விளக்கு காட்டும். மருந்தடிக்காத காய்க்கு அதுதான் அத்தாட்சி. எனவே ஒட்டன்சத்திரம் விவசாயி செங்கோடன் டப்பா டப்பாவாகப் புழு வாங்கி, காயில் துளைபோட்டு ஒவ்வொன்றாக விட்டார். மனைவி மரகதம் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுகளும் செத்துப்போச்சுங்க!"

செங்கோடன் போனில் புழு வியாபாரியைப் பிடித்துக் கத்தினார். "என்னய்யா, நோஞ்சான் புழுவாவே அனுப்பற?"

"காய்க்கு மருந்து எப்பங்க அடிச்சீங்க?"

"நேத்துத்தான். அடிக்கலைன்னா புழு வந்துருமில்ல!"

போனை வைத்ததும் மரகதம் கேட்டாள். "இத்தனை காயை என்னங்க பண்றது?"

"வீணாக்காத, மத்தியானத்துக்குக் குழம்பு வெச்சுரு. புழுவை மட்டும் பாத்து எடுத்துரு, வயித்துக்கு ஆகாது."