கடைசிப் பாடத்தில் பூவிழி

அந்த ஓவியக் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் புகழ்பெற்ற ஓவியர்களோடு, இனிமேல் புகழ்பெறப் போகிறவர்களின் வாழ்க்கையும் உண்டு. நிமிஷத்துக்கு நிமிஷம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் புத்தகம் அது. மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஜெரினா, கடைசிப் பாடத்தில் அறைத்தோழி பூவிழியின் படத்தைக் கண்டு வாய் பிளந்தாள்.

‘மாணவப் பருவத்தில் உயிர்த்தோழி ஜெரினாவுடன் மூண்ட சண்டையே இவரை உலகறியச் செய்த முதல் ஓவியத்துக்குக் காரணம். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.’

ஜெரினா ஜவுளிக்கடைக்காரர் மகள். சொன்ன விலைக்கு வாங்குவது அவர்கள் குடும்ப வழக்கத்திலேயே கிடையாது.

“உனக்குப் புகழும் வேணும், எனக்கு நீயும் வேணும். பொய்ச் சண்டை போட்டுப் பாப்போம்டீ” என்று பூவிழியிடம் புத்தகத்தை நீட்டினாள்.

பூவிழி தூரிகையோடு தயாராக உட்கார்ந்தாள். “சரி, திட்டு.”

“நீ வரையிற யானை, பூசணிக்காய்க்குத் தும்பிக்கை மொளச்ச மாதிரி இருக்கு.”

“உன் குதிரையப் பாத்து மாஸ்டர் ஆடான்னு கேட்டாரே, அது?”

“ஆடுன்னாலும் நல்ல ஆடுன்னாரு.”

அவ்வளவுதான். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உருண்டு சிரித்ததில் வர்ணக் கிண்ணம் கவிழ்ந்து கட்டில், தலையணை, பூவிழியின் கை எல்லாம் நீலம். மூச்சு வாங்கியபடி ஜெரினா புத்தகத்தைப் பார்த்தாள். கடைசிப் பாடத்தைக் காணோம்.

பூவிழியும் எட்டிப் பார்த்தாள். தன் படம் இருந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு நீலக் கையாலேயே புத்தகத்தை மூடினாள்.

“பரீட்சைக்கு ஒரு பாடம் கொறச்சுக் குடுத்திருக்கேன். டீக்காசு நீ குடு.”