எத்தனை டிகிரி?

"ஐயா, இருநூற்று முப்பது டிகிரி! நிறுத்துங்க, கேக் கருகுது!" என்று ஓவனுக்குள் இருந்த வெப்ப சென்சார் கத்தியது.

ஓவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நூற்றெண்பதில்தான் இருக்கேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சீறி, தன் முகப்பில் 'சென்சார் கோளாறு' என்று எழுதிக் காட்டியது.

மெக்கானிக் வந்தார். எழுதியிருந்ததைப் படித்தார், வேறெதையும் பார்க்கவில்லை. பழைய சென்சாரைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, புதியதை மாட்டினார்.

அடுத்த கேக் உள்ளே போனது. சூடு ஏறிக்கொண்டே இருந்தது. கேக்கின் ஓரம் கறுக்கத் தொடங்கியது.

"புதுசா வந்தவனே, இப்போ எத்தனை டிகிரி?" என்று ஓவன் கேட்டது.

புது சென்சார் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தது. மேசையில் பழையது கிடந்தது. பக்கத்திலேயே திருப்புளியும் இருந்தது.

"எத்தனைன்னு சொல்லணும், ஐயா?"