உள்ளுக்குள் எல்லாம் சரி

மேசைத் தொலைபேசியிலிருந்து தன் கைப்பேசிக்கே அழைத்துப் பார்த்தாள். மணி அடித்தது.

போனில் ஒரு கோளாறும் இல்லை. ஆக, அழைக்காத குற்றம் தம்பி பேரில்தான்.

மாதக்கணக்காக இந்தச் சோதனை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் பக்கம்தான் சரி என்று வந்தது. தாயில்லாக் குறை தெரியாமல் வளர்த்தவளிடம், "நீ என்ன என் அம்மாவா?" என்று கேட்டுவிட்டு வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போனவன் அல்லவா முதலில் பேச வேண்டும்?

அவன் போனபிறகு வீட்டில் குக்கர் மட்டும்தான் வாய் திறக்கிறது. அதுவும் ஒரே விசில். ஒரு ஆளுக்கு அது போதும்.

விண்ணில் சுற்றும் ரேடாரைக் கண்காணிப்பது அவள் வேலை. பூமிக்கு அனுப்பும் ரேடியோத் துடிப்பில் ஒரு துளியை ரேடார் தனக்குள்ளேயே திருப்பிவிட்டு, தன் பலம் குறைந்திருக்கிறதா என்று தானே அளந்துகொள்ளும். அதுதான் உள்சோதனை. வெளியே ஒப்பிட்டுப் பார்க்க, வருடம் முழுக்க ஒரே மாதிரி எதிரொலிக்கும் பெரிய காடு ஒன்றை வைத்திருந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"காடு மங்கலாத் தெரியுது மேடம். உள்சோதனை பாஸ். அப்போ காட்டுலதான் ஏதோ ஆயிருக்கு."

"காட்டு மேல ஏன் சார் பழியைப் போடறீங்க? உள்சோதனைத் துடிப்பு ஆன்டெனா பக்கமே போகாதே. வாசல் அடைச்சுக் கிடந்தாலும் உள்ளே எல்லாம் சரின்னுதான் காட்டும்."

சொன்னவளின் பார்வை மேசைமேல் கிடந்த தன் கைப்பேசிக்குப் போனது.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வந்த மாதிரியே உருண்டு போனார்.

கைப்பேசியை எடுத்து, இத்தனை நாள் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். தடுத்து வைத்த எண்கள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சண்டை போட்ட அன்று ஆத்திரத்தில் அவள்தான் தடுத்தாள். விடியும்வரைக்கும் என்றுதான் தடுத்தாள். விடிந்ததும் திறக்க ரோஷம் விடவில்லை. அப்புறம் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

தடையை எடுத்துவிட்டு அவனை அழைத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"அக்கா! ஒருவழியா உன் போன் சரியாயிடுச்சா?"