இரண்டு டிகிரி பிழை

பாலிடெக்னிக் வாத்தியார் தாணுமாலையன், தச்சநல்லூர் வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதி இயக்கும் தம் கால்குலேட்டருக்கு, வெப்பம் அளக்கும் ஒரு பெட்டி செய்திருந்தார். அந்தப் பெட்டியின் சென்சார் காட்டும் வெப்ப அளவு, ஒயர் இல்லாமல் அகச்சிவப்புக் கதிர் வழியாகக் கால்குலேட்டருக்குப் போய்விடும். மறுநாள் பாலிடெக்னிக் முதல்வர் முன்னால் அதை இயக்கிக் காட்டவேண்டும்.

சரிபார்க்கச் சென்சாரைத் தம் கக்கத்தில் வைத்தார். உடம்புச் சூடு முப்பத்தேழு டிகிரி செல்சியஸ் வரவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது வந்தது.

"ரெண்டு டிகிரி பொய் சொல்லுது" என்று மனைவி பிரம்மநாயகியிடம் புலம்பினார். பாகங்களை மாற்றிப் பார்த்தார். அதே முப்பத்தொன்பது.

"என் மூளைக்கு இவ்வளவுதான்" என்று எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டார்.

காப்பி நீட்டிய பிரம்மநாயகியின் விரல் அவர் கையில் பட்டது.

"என்னங்க, அனலா கொதிக்கு. இவ்வளவு காய்ச்சலோட என்ன பண்ணுதிய?"

தாணுமாலையன் சிதறிக் கிடந்த பாகங்களைப் பார்த்தார்.

"அது காலையிலேர்ந்து இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, நாயகி. நான்தான் அதைத் திருத்திக்கிட்டு இருந்தேன்."